ஈ-டெண்டரும் இன்னும் ஒரு ரூபாயும்

போன மாசம் மாதுங்காவில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த நம்மூர்க்காரர் ஒருவர் கேட்டார். "தம்பி, நீங்க கட்டுமானக் கம்பெனியிலதான இருக்கீங்க? பையன் தனியா சப்-காண்ட்ராக்ட் எடுக்கணும்ங்கான். இப்ப டெண்டரெல்லாம் கம்ப்யூட்டர்லதானாமே, அது கஷ்டமா?"

"கஷ்டமே இல்லீங்க, ரெண்டு நாள்ல பழகிடலாம்" என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்குக் கை நீட்டினேன். வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தியது. சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதிப் பாதியை இங்கே எழுதிவிடுகிறேன். மும்பையிலோ புனேயிலோ அகமதாபாத்திலோ நம் ஜனங்கள் நிறைய வீடுகளில் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். யாருக்காவது உதவும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிவில் படித்துவிட்டு மும்பைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. எஸ்டிமேஷன், காண்ட்ராக்ட்ஸ் பிரிவு. சென்ட்ரிங், கம்பி கட்டு, பூச்சு வேலை, டைல்ஸ், பெயின்டிங் என்று ஒரு கட்டடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சப்-காண்ட்ராக்டர்களிடம் விலை வாங்குவதுதான் எனக்குப் பிழைப்பு. அதாவது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நல்லதை முதலில் சொல்கிறேன். டெண்டர் பெட்டி வைத்திருந்த காலத்தை என் வயசுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஆபீஸ் வராந்தாவில் பூட்டுப் போட்ட பெட்டி, அதைச் சுற்றி வேட்டி மடித்துக் கட்டின நாலு பேர். படிவம் வாங்கப் போனால் "தீர்ந்து போச்சு" என்பார்கள். வாங்கிவிட்டால் பெட்டி வரை போக முடியாது. மூணு மணிக்குப் பெட்டி திறக்கும்போது ஏற்கெனவே பேசி வைத்த மூணு கவர்தான் உள்ளே இருக்கும். இன்று அந்த வராந்தா இல்லை. தேசியத் தகவலியல் மையம் செய்து கொடுத்த மென்பொருளில்தான் மத்திய அரசின் கொள்முதல் தளமும் பல மாநிலங்களின் தளங்களும் ஓடுகின்றன. நடுராத்திரி, வீட்டுக் கூடத்தில், லுங்கியோடு உட்கார்ந்து டெண்டர் போடலாம். எதிராளிக்கு நீங்கள் போட்டதே தெரியாது. விலை மறையாக்கம் செய்யப்பட்டு உள்ளே போகிறது. திறக்க அதிகாரம் பெற்றவர்கள், குறித்த நேரத்துக்குப் பிறகு, அவர்களுடைய சாவியைப் போட்டால்தான் திறக்கும். கணினி நமக்குச் செய்த பெரிய உபகாரம் இது.

வேலை என்ன என்றால், பழைய இரண்டு கவர்தான். முதல் கவரில் தகுதிக்கான காகிதங்கள்: பான், ஜிஎஸ்டி, முன்பு செய்த வேலைக்கான சான்றிதழ்கள், ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கு, முன்வைப்புத் தொகை கட்டின ரசீது. இரண்டாவது கவரில் விலை. அது ஒரு எக்செல் கோப்பு. பில் ஆஃப் குவான்டிட்டீஸ், சுருக்கமாக பிஓக்யூ. தளத்திலிருந்து அதை இறக்கி, பூட்டாத கட்டங்களில் மட்டும் உங்கள் பெயரையும் விலையையும் போட்டு, அதே கோப்பை மறுபடி ஏற்ற வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று கோப்பின் பெயரை மாற்றினீர்களோ, கதை முடிந்தது. டெண்டரே தள்ளுபடி ஆகிவிடும்.

சின்னச் சின்னதாக வேறு சில. ஸ்கேன் செய்யும்போது நூறு டிபிஐ, கறுப்பு வெள்ளை போதும். கலரில் பெரிசாக எடுத்தால் கடைசி நேரத்தில் ஏறாமல் சுத்திக்கொண்டே இருக்கும். அடிக்கடி கேட்கிற காகிதங்களைத் தளத்திலேயே ஒரு தடவை போட்டு வைத்துக்கொள்ள இடம் உண்டு. நேரம் என்பது உங்கள் கைக்கடிகார நேரமல்ல, திரையில் ஓடும் சர்வர் நேரம். எல்லாம் ஏற்றின பிறகு 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தினால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. அழுத்தினதும் ஏல எண், தேதி, நேரத்தோடு ஒரு சீட்டு வரும். அதை அச்செடுத்து வையுங்கள். எல்லாம் ஏற்றிவிட்டு ஃப்ரீஸ் அழுத்தாமல் டீ குடிக்கப் போனவர்கள் இருக்கிறார்கள் :-)

இது வரைக்கும் ரெண்டு நாள் விஷயம்தான். பாயசத்துக்குக் கை நீட்டும்போது நான் சொன்னது இந்தப் பாதியை.

இனி மற்ற பாதி.

டெண்டர் போட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். யுஎஸ்பி டோக்கனில் வரும், பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். 2021 ஜனவரி முதல் கிளாஸ்-2 கிடையாது, கிளாஸ்-3 மட்டும்தான். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் சேர்த்து, தெருமுனையில் டெண்டர் ஏற்றிக் கொடுக்கிற ஏஜென்ட் கடையில் கொடுத்து வைக்கிறார்கள். அங்கே மேஜை இழுப்பறையைத் திறந்தால் முப்பது டோக்கன் ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் ஒரு பேர்.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரத்தை யாரிடமாவது கொடுத்து வைப்பீர்களா? அதுதான் இது. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்தக் கையெழுத்துக்கு மைக்கையெழுத்தின் மதிப்பைக் கொடுத்திருக்கிறது. அந்தச் சாவி இன்னொருத்தர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஏஜென்ட் ஒரு சைபர் விட்டுப் போட்டாலும் அது நீங்கள் போட்ட விலை. ஒரே கடையில் நீங்களும் உங்கள் போட்டியாளரும் டோக்கன் வைத்திருந்தால், வராந்தாவில் நின்ற நாலு பேர் திரும்ப வந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். மறையாக்கம் எல்லாம் அதற்கப்புறம் வேடிக்கைதான்.

ஆனால் ஒரு சப்-காண்ட்ராக்டருக்குப் பெரிய ஆபத்து அரசாங்கத் தளத்தில் இல்லை. அங்கே பெரும்பாலும் ஒரு தடவைதான் விலை, மூடின கவர். அவருக்கு வேலை கொடுப்பது பெரும்பாலும் தனியார் மெயின் காண்ட்ராக்டர். அந்தக் கம்பெனிகள் வைத்திருக்கிற வெண்டர் தளங்களில் 'ரிவர்ஸ் ஆக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. ஏலம்தான், ஆனால் தலைகீழ். விலை ஏறாது, இறங்கும். உங்கள் திரையில் மற்றவர் விலை தெரியாது. நீங்கள் எல்-1ஆ, எல்-2ஆ என்பது மட்டும் தெரியும். முடிகிற கடைசி நிமிடங்களில் யாராவது குறைத்தால் ஏலம் தானாக இன்னும் ஐந்து நிமிடம் நீளும்.

2022 இல் நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டாயிரம் சதுர மீட்டர் உள்பூச்சு, லேபர் மட்டும். சிமெண்டும் மணலும் கம்பெனியுடையது. ஆறு பேர் ஏலத்தில். அதில் ஒருவர் அண்ணாச்சி. பேர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருஷத்துக்கு முன்னால் கொத்தனாராக வந்து, மேஸ்திரியாகி, ஐம்பது அறுபது ஆட்களை வைத்து வேலை செய்கிறவர். பொங்கலுக்கு என் வீட்டுக்குக் கரும்பு கொண்டு வருகிறவர். ஆட்கள் இப்போது நம்மூர்ப் பையன்கள் இல்லை, வங்காளத்து மால்டாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்கள்.

எண்களை முழுசாக்கிச் சொல்கிறேன். ஒரு கொத்தனார் 900, ஒரு சித்தாள் 650. இரண்டு பேரும் சேர்ந்து நாளைக்குப் பத்து சதுர மீட்டர் பூசுவார்கள். சதுர மீட்டருக்குக் கூலி மட்டும் 155 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20. மேஸ்திரி சம்பளம், சாரம், கருவி, ஆட்கள் தங்கும் கொட்டகை 15. ஆக 190. பில் போட்டுப் பணம் வர மூணு மாசம் ஆகும், அது வரைக்கும் கைக்காசு போட்ட வட்டி 9. சரிசெய்கிற வேலைக்கு 3. மொத்தம் 202. இது அடக்க விலை. இதன் மேல் 18 ரூபாய் வைத்து 220 என்று அண்ணாச்சி முதலில் போட்டிருந்தார். நியாயமான விலை. எங்கள் ஆபீஸில் நானே போட்டு வைத்திருந்த கணக்கு 205.

மூணு மணிக்கு ஆரம்பித்த ஏலம் நாலு மணிக்கு முடிய வேண்டும். முடியவில்லை. ஐந்து ஐந்து நிமிடமாக நீண்டு ஐந்து மணி தாண்டியது. அண்ணாச்சி வீட்டில் அவருடைய அக்கா மகன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இவர் பின்னால் நிற்கிறார். எல்-2 என்று வரும்போதெல்லாம் "இன்னும் ஒரு ரூவா கொறச்சுப் போடுலே" என்பார். அவன் போடுவான். பச்சை வரும், எல்-1. ஒரு நிமிடத்தில் மறுபடி சிவப்பு. "இன்னும் ஒரு ரூவாதான, போடுலே." இதெல்லாம் பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது வேறு. என் திரையில் ஆறு பேர் விலையும் தெரியும். 205 தாண்டினதைப் பார்த்தேன். 202 தாண்டினதைப் பார்த்தேன். 191 இல் நின்றது. அந்த விலைக்கு அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது என்று அந்த அறையில் கணக்குப் போட்டுத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை. மேலதிகாரி தோளில் தட்டினார். பட்ஜெட்டில் சதுர மீட்டருக்கு 14 ரூபாய், மொத்தம் 1,68,000 மிச்சம். ராத்திரி அண்ணாச்சி போன் செய்து "தம்பி, வேலை நமக்குத்தான் வந்திருக்கு" என்றார். வாழ்த்துகள் சொன்னேன்.

நாலாவது மாசம் கொத்தனார்கள் பக்கத்து சைட்டில் ஐம்பது ரூபாய் அதிகம் என்று போய்விட்டார்கள். அவரால் ஏற்றிக் கொடுக்க முடியவில்லை. அண்ணியின் சங்கிலி அடகுக்குப் போனது, அதுவும் பத்தவில்லை. ஒன்பதாயிரம் சதுர மீட்டரோடு கையை விரித்துவிட்டார். அவர் பில்லில் பிடித்து வைத்திருந்த ஐந்து சதவீதம், கிட்டத்தட்ட 86,000 ரூபாய், கம்பெனியிலேயே நின்றுவிட்டது. மீதி மூவாயிரத்தை வேறு ஆளிடம் 230 க்குக் கொடுத்தோம். அதில் கூடுதலாகப் போனது 1,17,000. ஒரு மாசத் தாமதம் தனி. அதாவது கம்பெனிக்கும் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கணக்கை மட்டும் யாரும் திரையில் போட்டுக் கை தட்டவில்லை.

அடுத்த பொங்கலுக்குக் கரும்பு வரவில்லை.

"போட்டி இருந்தால்தானே விலை குறையும், அதில் என்ன தப்பு?" என்று கேட்பீர்கள். சிமெண்டுக்கும் கம்பிக்கும் ரிவர்ஸ் ஆக்‌ஷன் வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. விற்கிறவனுக்கு அடக்க விலை தெரியும், சரக்கு இறங்கினால் கணக்கு முடிந்தது. கூலி வேலையில் அப்படி இல்லை. அங்கே குறைகிற ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். முதலில் லாபம் போகும். பிறகு பி.எஃப். போகும். பிறகு சாரத்தில் ஒரு பலகை போகும். கடைசியில் சித்தாளின் கூலி. கூலி வேலைக்கு ஏலம் விடுகிற கம்பெனி, தன்னுடைய சொந்த எஸ்டிமேட்டுக்குக் கீழே போகும் விலையை ஒப்புக்கொள்ளக் கூடாது. குறைந்தபட்சம் "எப்படிச் செய்வீர்கள், கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். மத்திய நிதி அமைச்சகத்தின் கொள்முதல் கையேடே, விலை சந்தேகப்படும்படி மிகவும் குறைவாக வந்தால் எழுத்தில் விளக்கம் கேட்கச் சொல்கிறது. அமைச்சகம் 2021 அக்டோபரில் கொடுத்த பொது அறிவுறுத்தல்களில், சில வகைக் கட்டுமான வேலைகளுக்குத் தரத்துக்கும் முப்பது சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று வழி விட்டிருக்கிறார்கள். விலை ஒன்றே தெய்வம் என்பதை அரசாங்கமே கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. தனியாருக்கு என்ன தடை?

கம்பெனிகள் மாறும்போது மாறட்டும். அது வரைக்கும் நம் வீடுகளில் செய்யக் கூடியதைச் சொல்கிறேன். டெண்டரை ஏற்றுவது கணினி வேலை. விலை போடுவது கணினி வேலை இல்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்யாதீர்கள். இதுதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம்.

1. முந்தின நாள் ராத்திரி, வீட்டில் கணக்குத் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு அடக்க விலையைக் காகிதத்தில் எழுதுங்கள். மனைவியையும் கூப்பிடுங்கள். அடகுக்குப் போவது அவர் நகைதான், அவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அதற்குக் கீழே ஒரு பைசா இல்லை என்று கோடு போடுங்கள். மறுநாள் திரை கோட்டுக்குக் கீழே போனால் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

2. அளவு எப்படி எடுப்பார்கள் என்று விலை போடும் முன்பே படியுங்கள். ஐ.எஸ். 1200 விதிப்படி என்றால் பூச்சு வேலையில் அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது. அதற்கு மேல் மூணு சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு. சில கம்பெனிகள் ஒப்பந்தத்தில் "எல்லாத் திறப்பும் முழுக் கழிவு" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு வரி, ஏலத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கிற ரூபாயைவிடப் பெரிசாக இருக்கலாம்.

3. எது உங்கள் விலையில் இல்லை என்பதை எழுதி ஏற்றுங்கள். சாரம், கரண்ட், தண்ணி, மேலே தூக்கும் லிஃப்ட், குப்பை அள்ளுவது. வாயால் பேசினது தளத்தில் இருக்காது. விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்று தேதியும் போடுங்கள். மெயின் காண்ட்ராக்டர் உங்கள் விலையை வைத்துத் தன் டெண்டரைப் போட்டுவிட்டு, வேலை கிடைத்ததும் அதே காகிதத்தை இன்னொருத்தரிடம் காட்டிக் குறைப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

4. சட்டத்தை நம்பி விலையைக் குறைக்காதீர்கள். உத்யம் பதிவு செய்யுங்கள், அவசியம். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. ஆனால் பொருளும் உழைப்பும் சேர்ந்த ஒர்க்ஸ் காண்ட்ராக்ட் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று மும்பை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லேபர் மட்டும் என்றாலும், வழக்குப் போட்ட கம்பெனியில் அடுத்த வேலை கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே மூணு மாச வட்டியை விலையிலேயே வையுங்கள்.

5. டோக்கன் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். ஏற்றத் தெரிந்த ஒருத்தர் வீட்டிலேயே இருக்கட்டும். பி.காம் படிக்கிற பெண்ணுக்கு இது ஒரு வார வேலை.

அண்ணாச்சி வீட்டில் இப்போது அப்படித்தான். அவரே கூப்பிட்டுப் பேச எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதாவது, நான் போய் நின்று, அன்றைக்கு என் திரையில் என்ன தெரிந்தது என்று சொல்ல ஒரு வருஷம் ஆனது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க சொல்லியிருந்தாலும் அன்னைக்கு நான் கேட்டிருக்க மாட்டேன் தம்பி. ஆனா சொல்லியிருக்கலாம்" என்றார்.

இப்போது ஏலத்தன்று லேப்டாப் முன்னால் உட்காருவது அவர் மகள். திரைக்கு மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும், அதில் ஒரு எண். போன மாசம் ஒரு வேலையில் அந்த எண்ணுக்குக் கீழே போனதும் அவள் மூடிவிட்டு எழுந்துவிட்டாளாம். அண்ணாச்சி பின்னால் நின்று "இன்னும் ஒரு ரூவா..." என்று ஆரம்பித்திருக்கிறார். "அப்பா, காகிதத்தைப் பாருங்க" என்றிருக்கிறாள்.

அந்த வேலை போய்விட்டது. எடுத்தவர் யார், எந்த விலைக்கு எடுத்தார் என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் இந்த முறை போன் செய்தேன்.

மாதுங்காவில் கேட்ட அந்த அண்ணனுக்கும் நாளைக்குச் செய்ய வேண்டும். பையனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும், லேப்டாப் இல்லாமல், ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் எடுத்துக்கொண்டு.